செப்டம்பரில் பறவை பார்க்க எங்கே: பள்ளிக்கரணையா, கோடியக்கரையா?

இரண்டும் ராம்சர் தலங்கள், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை 2002 முதல், சென்னையின் பள்ளிக்கரணை 2022 முதல். பறவைகளின் வலசை தொடங்கும் வேளையில், சென்னையில் இருப்பவருக்கு அரை நாள்தான் ஓய்வு என்றால் பள்ளிக்கரணை. சாலையோரம் நின்றாலே பொரி உள்ளான் என்னும் கரைப்பறவைகள் சேற்றைக் கிளறுவது தெரியும். விடியலிலேயே போங்கள்.

என் மனம் கோடியக்கரைக்கே போகிறது. பூநாரைப் பெருங்கூட்டத்துக்கு மழைக்காலம் பிறக்க வேண்டும், உண்மைதான். ஆனால் சேற்றில் ஓடும் கொசு உள்ளானைப் பாருங்கள்! சிட்டுக்குருவியளவே இருக்கும் உயிர், ஆர்க்டிக் துந்திராவில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது. முதல்முறை பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. மாதக் கடைசியில் தங்கினால், காட்டுக்குள் சருகு புரட்டும் ஆறுமணிக்குருவியும் கண்ணில் படலாம்.