ரோட்டரில் இரண்டாவதாக ஒரு கோடு: பழைய வண்டிக்கு டைமிங் வைக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் மோட்டார் சைக்கிளின் ரோட்டரில், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் வட்டில், இப்போது இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று, பிளக்கில் தீப்பொறி விழ வேண்டிய கணத்தை, அதாவது டைமிங்கைக் காட்ட, வண்டி செய்த தொழிற்சாலை வெட்டியது. மற்றொன்று, ஒரு மெக்கானிக் தன் வேலையின் குறையை மறைக்கத் திருப்புளி முனையால் கீறியது. அந்தக் கீறலால் என் கணுக்கால் வீங்கி ஒரு வாரம் நொண்டினேன். நல்ல நிலையில் இருந்த பிஸ்டனும் கெட்டது. பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தை அறுக்கும் சிறு சுவிட்ச்) வைத்த பழைய வண்டி ஓட்டுகிற வேறு யாருக்கும் இது நேரக் கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா ஓட்டிய வண்டி அது. 1960களில் வந்த ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். பேட்டரி, பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயில், கேம் (சுற்றும்போது பாயிண்ட்டைத் திறக்கும் மேடுள்ள தண்டு) முனையில் பாயிண்ட், அதன் பின்னால், வேகம் கூடும்போது விரிந்து பொறியை முன்கூட்டி விழவைக்கும் அட்வான்ஸ் எடைகள். சில மாதங்களாகவே ஒரு தொல்லை இருந்தது. காலையில் ஒரே உதையில் கிளம்பும் வண்டி, சூடான பிறகு நின்றால் மறுபடி கிளம்ப அடம்பிடித்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சருக்குள் பட் பட் என்று வெடித்தது. இழுவை குறைந்து, எஞ்சினிலிருந்து வெளிவரும் புகைக்குழாய் வளைவு நீலம் பாய்ந்திருந்தது. இவை எல்லாம் பொறி தாமதமாக விழுவதன் அடையாளங்கள் என்பது இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை.

பழைய வண்டிகளில் கை தேர்ந்தவர் என்று பலர் சொன்ன ஒருவரிடம் கொண்டு போனேன். பாயிண்ட் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. இரண்டு முறை உதைத்துப் பார்த்துவிட்டு, "காயில் போய்விட்டது, பாயிண்ட்டும் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும்" என்றார். மீட்டர் வைத்து அளக்காமல் காயில் போனது எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாலையில் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் ஆக்ஸிலரேட்டரைத் திருகிக்கொண்டே, மறு கையால் பாயிண்ட் பொருத்தியிருக்கும் தட்டைத் தட்டித் தட்டி நகர்த்திக்கொண்டிருந்தார். "ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டீர்களா அண்ணா?" என்று, பாயிண்ட் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டைப் பற்றிக் கேட்டேன். "முப்பது வருடமாகக் காதால் கேட்டே வைக்கிறேன் தம்பி, தகடு எதற்கு?" என்றார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டதற்குக் குப்பையில் போய்விட்டன என்று பதில் வந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை கிக்கரில் காலை வைத்து அழுத்தினேன். பாதி வழியில் அது திருப்பி அடித்தது. கணுக்காலில் ஆணி இறங்கியதுபோல் ஒரு வலி. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு வெகு முன்பே பொறி விழுந்தால், எரியும் வாயு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். அந்த விசை முழுவதும் கிக்கர் வழியாகக் காலில் இறங்கும். உதைத்தது சரியில்லை போலிருக்கிறது என்று என்னையே குறை சொல்லிக்கொண்டேன்.

ஓட்டும்போது வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. அதில்தான் ஏமாந்தேன். ஆனால் மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் டிக் டிக் என்று, கண்ணாடிக் குடுவையில் கோலிக்குண்டு உருள்வதுபோல ஒரு சத்தம். திரும்பப் போய்ச் சொன்னேன். "டேப்பெட் சத்தம், பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்றார். வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் சத்தம் எஞ்சின் சும்மா ஓடும்போதும் கேட்கும். இந்தச் சத்தமோ பாரம் ஏறும்போது மட்டும் வந்தது, ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தால் நின்றது. எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் சத்தம் அது. முப்பது வருட அனுபவக்காரருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருந்திருக்காது. அவர் சொல்லை நம்பி மேலும் இரண்டு வாரம் ஓட்டினேன். ஒரு நாள் இழுவை சட்டென்று விழுந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள், அவற்றின் நடுவே மினுங்கும் சிறு துகள்கள். அலுமினியம். பிஸ்டனின் தலை அரிக்கத் தொடங்கியிருந்தது.

அதன் பிறகுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் செய்தது, ரோட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததுதான். "இங்கே வாருங்கள் தம்பி" என்று காட்டினார். தொழிற்சாலை வெட்டிய கோடு ஒரே ஆழமாக, நேராக, உள்ளே அழுக்குப் படிந்து கறுத்திருந்தது. அதற்கு 9 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. பளபளவென்று, ஓரத்தில் பிசிறு எழும்பி, நடுவில் திருப்புளி வழுக்கியதால் ஒரு கிளையும் விட்டிருந்தது. ரோட்டரின் குறுக்களவு 115 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 360 மி.மீ.; ஆக விளிம்பில் ஒரு மி.மீ. கிட்டத்தட்ட ஒரு டிகிரி. 9 டிகிரி முன்கூட்டியே பொறி விழுந்துகொண்டிருந்தது. பிளக் துளையில், பிஸ்டன் நகர்வைக் காட்டும் டயல் கேஜ் வைத்து அளந்தோம். அட்வான்ஸ் விரியாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும் என்கிறது என் வண்டியின் கையேடு. அது 2.9 மி.மீ. கீழேயே திறந்தது. ஓட்டத்தில் அட்வான்ஸ் எடைகள் விரியும்போது இதன் மேல் இன்னும் கூடும்.

காரணமும் புரிந்தது. அந்த மெக்கானிக் போட்டது வேறு மாடலுக்கான பாயிண்ட். திருகுத் துளைகள் பொருந்தின. ஆனால் கேம் மேல் உரசும் குதிகால் இருக்கும் இடம் சற்று மாறியிருந்தது. பாயிண்ட் முனைகளின் இடைவெளியைச் சரியாக வைத்தால் பொறி முந்திக்கொள்கிறது. தட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்றால் தட்டின் நீள்துளை முடிந்துவிடுகிறது. உண்மையில் தட்டு அந்தக் கடைசி முனையில்தான் முட்டிக்கொண்டிருந்தது. பாகம் பொருந்தவில்லை என்று சொல்லியிருந்தால் நானே சரியானதைத் தேடி வாங்கி வந்திருப்பேன். அவரோ பொறி விழும் இடத்துக்கே புதிய கோடு போட்டு, எல்லாம் சரி என்று காட்டிவிட்டார்.

அந்தப் பட்டறைக்கு மீண்டும் போனேன். வாக்குவாதம் நீண்டது, அதை எழுதி ஆகப்போவது எதுவும் இல்லை. அங்கே கிடந்த பழைய இரும்பு டின்னைக் கிளறி என் பழைய பாயிண்ட்டை மட்டும் மீட்டேன். முனைகள் சாம்பல் நிறத்தில் ஒழுங்காகவே இருந்தன. குதிகால்தான் கிரீஸ் இல்லாமல் உலர்ந்து, சாய்வாகத் தேய்ந்திருந்தது. என் முதல் தொல்லைக்கு முழுக் காரணமும் அதுதான். குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும். இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். ஃபீலர் கேஜும் ஒரு துளி கிரீஸும் கால் மணி நேரமும் போதுமான வேலை அது. என் பழைய காயில் எங்கே என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

பெரியவர் வேலையை என்னையே செய்யவைத்தார். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910 வாக்கில் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடுதான் அடிப்படையில் இதுவும்: பாயிண்ட் மூடியிருக்கும்வரை காயிலில் மின்சாரம் ஓடும், திறக்கும் கணத்தில் அது அறுபட்டுப் பொறி பிறக்கும். அந்தக் கணத்தைக் கண்ணால் பார்த்தே பிடிக்கலாம். காதுக்கு இதில் வேலை இல்லை.

முதலில் இடைவெளி. முனைகள் அதிகம் திறந்திருக்கும் இடத்துக்குக் கேமைக் கொண்டுவந்து அளக்க வேண்டும். என் வண்டிக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. தகடு இலேசான பிடிப்போடு நழுவ வேண்டும். முனையில் ஒரு பக்கம் மேடும் மறு பக்கம் பள்ளமும் விழுந்திருந்தால் தகடு மேட்டை மட்டுமே தொட்டுப் பொய் சொல்லும். மெல்லிய அரத்தால் சமப்படுத்திய பிறகே அளக்க வேண்டும். உப்புத்தாள் கூடாது, அதன் துகள் முனையில் பதிந்துவிடும். புதிய பாயிண்ட்டில் எண்ணெய்ப் படலம் இருக்கும், அதையும் துடைத்துவிட வேண்டும். திருகை முறுக்கியதும் மறுபடி அளக்க வேண்டும். முறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடுவதை அன்று மூன்று முறை பார்த்தேன்.

இடைவெளி முடிந்த பிறகே டைமிங். வரிசையை மாற்றினால் இரண்டுமே கெடும், ஏனென்றால் இடைவெளியைக் கூட்டினால் பொறி முந்தும், குறைத்தால் பிந்தும். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னோக்கி உருட்டினோம். இரண்டு வால்வும் மூடிய கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு சிறிய பல்பின் ஒரு கம்பியைப் பாயிண்ட்டுக்கு வரும் ஒயரிலும் மறு கம்பியை எர்த்திலும் மாட்டி இக்னிஷனைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு அணைந்திருக்கும், திறந்ததும் எரியும். தொழிற்சாலைக் கோடு, எஞ்சினில் அசையாமல் நிற்கும் குறிமுள்ளைத் தொடும் அதே கணத்தில் பல்பு எரிய வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி முன்னோக்கியே வர வேண்டும். பற்சக்கரத் தளர்வு கணக்கைக் கெடுக்காமல் இருக்க அதுதான் வழி. தட்டைத் தொடும் கை மிக மென்மையாக இருக்க வேண்டும். கேம் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் தட்டில் ஒரு டிகிரி நகர்த்தினால் எஞ்சினில் இரண்டு டிகிரி மாறும். பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை வெகுநேரம் போட்டு வைத்தால் காயில் சூடேறிக் கெடும், அதையும் கவனியுங்கள். பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னடோ வண்டிகளில் இந்தப் பல்பு முறை அப்படியே செல்லாது. முனைகளுக்கு நடுவே மெல்லிய தாளை வைத்து, அது நழுவும் கணத்தைப் பார்ப்பார்கள்.

பாயிண்ட் முனைகள் கருகாமல் காக்கும் கண்டென்சரையும் அட்வான்ஸ் ஸ்பிரிங்குகளையும் பெரியவர் பார்த்தார், இரண்டும் சரியாக இருந்தன.

உங்கள் வண்டியைக் கொடுக்கும் முன் ரோட்டரையும் தட்டின் நிலையையும் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்காததால், அந்தக் கீறல் முன்பே இருந்தது என்று மெக்கானிக் சொன்னபோது எதைக் காட்டி மறுப்பது என்று தெரியாமல் நின்றேன். கழற்றும் பாகம் ஒவ்வொன்றும் என் கைக்கு வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். காயில் போய்விட்டது என்றால் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். இடைவெளி எத்தனை மி.மீ., பல்பு எந்தக் கோட்டில் எரிகிறது என்று கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்படமாட்டார், கூப்பிட்டுக் காட்டுவார்.

புதிய பிஸ்டன் போட்டு, என் வண்டிக்கே உரிய பாயிண்ட் தேடிப் பிடித்து மாட்டியாகிவிட்டது. மேட்டில் சத்தம் இல்லை, சூடான பிறகும் ஒரே உதையில் கிளம்புகிறது. பொய்க் கோட்டைத் தேய்த்து எடுக்க முயன்றால் பக்கத்துக் கோடும் மங்கிவிடும் என்று பெரியவர் தடுத்துவிட்டார். அதனால் தொழிற்சாலைக் கோட்டில் வெள்ளைப் பெயிண்ட்டும், கீறலின் மேல் சிவப்புப் பெயிண்ட்டும் வைத்திருக்கிறேன்.