எச்சரிக்கை: பாங்காக் அரண்மனை அன்று மூடியிருக்கவே இல்லை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பாங்காக்கில் நீலக்கல் வாங்குகிறேன் என்று 42,000 பாட், நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல், தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

காலை பத்து மணிக்குப் பெரிய அரண்மனையின் மதிலோரமாக நுழைவாயிலைத் தேடி நடந்தபோது, தேய்த்த வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் எதிரே வந்து, உள்ளே பூஜை நடப்பதால் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார். நான் தயங்கியதைக் கண்டு ஊரை விசாரித்தார், தமிழ்நாடு என்றதும், "சீலோம் மாரியம்மன் கோவிலுக்குப் போனீர்களா?" என்று கேட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் எழுப்பிய கோவிலின் பெயரை அவர் வாயால் கேட்டதும் நெகிழ்ந்துபோனேன்; விழுந்தது அங்கேதான். என் வரைபடத்தில் மூன்று இடங்களை வட்டமிட்டுக் கொடுத்துவிட்டு, அவரே ஒரு டுக்டுக்கை (அந்த ஊர் ஆட்டோ) நிறுத்தி, மூன்று மணி நேரத்துக்கு 40 பாட் என்று பேசியும் முடித்தார். அந்தக் காசுக்கு யார் வண்டி ஓட்டுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் ஆளரவமற்ற ஒரு சிறிய புத்தர் கோவில். வக்கீல் என்று சொல்லிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த இன்னொருவர், அரசின் ஏற்றுமதிச் சலுகை இன்றோடு முடிகிறது என்றும், தானே ஆண்டுதோறும் கல் வாங்கி வெளிநாட்டில் இரட்டை விலைக்கு விற்பதாகவும், நான் கேட்காமலே சொன்னார். அடுத்து வண்டி நின்றது ஒரு ரத்தினக் கடை வாசலில். ஆளைக் கூட்டிவந்ததற்குக் கூலியாகக் கடைக்காரர்கள் ஓட்டுநரின் கையில் பெட்ரோல் கூப்பனைத் திணித்ததை நேரில் பார்த்தேன். அப்போதும் புத்தி வரவில்லை. ஏழு கற்கள், ஒரு சான்றிதழ், கிரெடிட் கார்டில் 42,000 பாட். சுங்கத்தில் தொல்லை இருக்காது என்று கற்களை அவர்களே கூரியரில் அனுப்பினார்கள். விமானம் ஏறும்வரை நான் வேறு யாரிடமும் காட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த உபகாரம்.

பார்சல் வந்து நான்கு நாளாகிறது. லென்ஸை வைத்துப் பார்த்த நகை மதிப்பீட்டாளர், "கல் நிஜம்தான், விலைதான் பொய், ஏழும் சேர்ந்து ஆறாயிரம் ரூபாய் பெறாது" என்றார். கடைக்குப் பேசினால் முதல்முறை மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டாம் முறை கல்லோடும் பில்லோடும் நேரில் வரச் சொன்னார்கள். மூன்றாம் முறை குரலைக் கேட்டதுமே துண்டித்தார்கள். பொருள் கைக்கு வந்துவிட்டது, ரகசிய எண்ணைப் போட்டதும் நீங்கள்தான், ஆகவே இதை மோசடி என்று பதிய முடியாது என்கிறது வங்கி. 42,000 பாட்!

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அரண்மனை காலை 8.30 மணிக்கே திறந்துவிடும். மூடியிருப்பதாகத் தெருவில் யார் சொன்னாலும் டிக்கெட் கவுண்டர் வரை போய்ப் பார்த்துவிடுங்கள். சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். சுற்றுலாப் போலீஸின் எண் 1155. எனக்கு அது தெரிந்தது வீடு வந்து சேர்ந்த பிறகு. கல் மட்டும் வாங்காதீர்கள்.