கால் அங்குலமா, முக்கால் அங்குலமா: பினியன் ஸ்னப்பருடன் நாலு வருடம்

முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் வேகமாக விட்டால் போதும், பின்பக்கம் தட தட தடவென்று ஒரு சத்தம். டயர் சுழன்று புகை வந்தாலாவது ஒரு பெருமை இருக்கும். இது அதுவும் இல்லை. பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி எழும்பி விழும். கண்ணாடி அதிரும், டிக்கியில் கிடக்கும் ஜாக்கி தனியாக ஒரு தாளம் போடும், வண்டி மட்டும் நகராது. இத்தனைக்கும் வண்டி 1970 டாட்ஜ் சேலஞ்சர். 340 கன அங்குல எஞ்சின், நாலு கியர் மேனுவல், பின்னால் எட்டே முக்கால் அங்குல ஆக்சில். கம்பெனி சொன்ன கணக்குப்படி 275 குதிரைத்திறன். அதில் பாதி இந்தக் குதிப்பிலேயே போய்க்கொண்டிருந்தது என்று தோன்றும்.

இதற்கு மருந்தாகப் பின் ஆக்சிலில் பினியன் ஸ்னப்பர் என்ற ரப்பர் முட்டு மாட்டி நாலு வருடம் ஆகிறது. நடுவில் மூன்று முறை அதன் உயரத்தை மாற்றியிருக்கிறேன், ஒரு முறை ரப்பரையே மாற்றியிருக்கிறேன். மாட்டிய வாரத்தில் எழுதியிருந்தால் 'அருமை, உடனே வாங்குங்கள்' என்று முடித்திருப்பேன். நல்லவேளை எழுதவில்லை.

முதலில் அந்தக் குதிப்பு ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். எஞ்சினின் சக்தியைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது, பினியன் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுன் வீல் தரையில் நிற்கும் டயரோடு இணைந்திருப்பதால் சட்டென்று நகராது. அப்போது பினியன் அதன் பற்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். பினியன் ஏறினால் அது உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கின், அதாவது ஆக்சிலின் இரும்புக்கூட்டின், முன்னால் நீட்டியிருக்கும் மூக்கும் மேலே தூக்கும். ஆக்சிலைப் பிடித்திருப்பது லீஃப் ஸ்பிரிங் மட்டும்தான், நம் லாரி மெக்கானிக்குகள் சொல்லும் கமான் பட்டை. அது ஆங்கில எஸ் எழுத்து மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் முறுக்கினதும் டயர் பிடி விட்டுவிடும், பட்டை விசுக்கென்று பழைய வடிவத்துக்குத் திரும்பும், டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி முறுக்கும். நாம் கேட்கும் தட தட இதுதான்.

ஸ்னப்பர் என்பது ஹவுசிங்கின் மூக்கின் மேல் உட்காரும் ஒரு தடித்த ரப்பர்க் கட்டை, அவ்வளவுதான். மூக்கு தூக்கும்போது அது வண்டியின் அடித்தகட்டில் போய் முட்டும், அதற்கு மேல் முறுக்கல் போகாது. கூடவே ஒரு லாபமும் உண்டு. மூக்கு மேலே தகட்டை உதைக்கும்போது அதன் எதிர்விளைவு ஆக்சிலைக் கீழே அழுத்தும். டயருக்குத் தேவையான அந்தக் கணத்தில் கூடுதல் பிடி கிடைக்கும்.

வாங்குவதற்கு முன்னால் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், பழைய சாமான்களை ஒரு தடவை பார்த்ததுதான். வலது பக்க ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கும் புஷ் (ரப்பர் உறை) நைந்து ஓவல் ஆகியிருந்தது. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளின் நட்டுகள் முறுக்கியபோது அரைச் சுற்று இறங்கின. இவற்றைச் சரிசெய்ததுமே குதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இன்னொரு கூத்தும் தெரியவந்தது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே முன்பு யாரோ ஆப்புத்தகடு வைத்திருந்தார்கள், அதையும் தலைகீழாக. இந்த வண்டியில் ஆக்சில் ஸ்பிரிங்கின் மேல் உட்காருகிறது. மூக்கு கீழே இறங்க வேண்டுமென்றால் ஆப்பின் தடித்த முனை பின்பக்கம் இருக்க வேண்டும். அவர் முன்பக்கம் வைத்திருந்தார். நின்ற நிலையிலேயே மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது, ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மேலே. திருப்பி வைத்து, கோணமானியால் அளந்து, ஷாஃப்டை ஒப்பிட்டு மூக்கு மூன்று டிகிரி கீழே இருக்கும்படி செய்தேன். நெடுஞ்சாலை வேகத்தில் இருக்கைக்கு அடியில் வந்துகொண்டிருந்த ஒரு நடுக்கம் அன்றோடு காணாமல் போனது. அதற்காக அதுவரை மூன்று முறை சக்கரம் பேலன்ஸ் செய்திருக்கிறேன் என்பது வேறு கதை.

மீதிக் குதிப்புக்கு என்ன செய்வது? முறுக்கலைத் தடுக்க ஸ்பிரிங்குக்கு அடியில் மாட்டும் டிராக்‌ஷன் பார்கள் ஒரு வழி. பழைய பாணி ஸ்லாப்பர் பார் தரைக்கு ரொம்ப அருகில் தொங்கும். கால்டிராக்ஸ் மாதிரியான இணைப்புக் கம்பிகள் நிஜமாகவே நல்ல சாமான், பந்தயத்துக்குப் போகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். எனக்கு அந்த அளவு தேவை இல்லை. அதோடு என் டாட்ஜ் உள்பட கிரைஸ்லர் கம்பெனி வண்டிகளில் ஆக்சில் ஸ்பிரிங்கின் நடுவில் உட்காராது, முன்னால் தள்ளி உட்காரும். முன்பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் அதுவே பாதி டிராக்‌ஷன் பார் வேலையைச் செய்துவிடும், மிச்சத்தை ஸ்னப்பர் பார்த்துக்கொள்ளும். இரண்டு பாதியும் ஒரே நீளமாக இருக்கும் ஸ்பிரிங் என்றால் இதே ஸ்னப்பர் இவ்வளவு வேலை செய்யாது. பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள கார்களில் மூக்கு வண்டியோடு சேர்த்து மாட்டப்பட்டிருப்பதால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வண்டியோடு வந்த ஸ்னப்பர் விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. அதே மாதிரி உயரம் மாற்ற முடியாத புதுசு வாங்குவதா, உயரம் மாற்றக்கூடியது வாங்குவதா என்று ரொம்ப யோசிக்கவில்லை. மாற்றக்கூடியதையே எடுத்தேன், இன்றைக்கும் அதையே சொல்வேன். என்னுடையதில் மரையிட்ட தண்டின் மேல் ரப்பர்த் தலை, கீழே ஒரு லாக் நட். முதலில் அனுப்பியவர்கள் டானா 60 என்ற வேறு ரக ஆக்சிலுக்கான பிராக்கெட்டை அனுப்பிவிட்டார்கள், துளை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பெட்டியின் மேல் வண்டியின் பெயர் சரியாகவே இருந்தது! அதனால் வண்டிப் பெயரை நம்பாதீர்கள், ஆக்சில் எது என்று பார்த்து வாங்குங்கள். தலை பாலியூரிதேனா ரப்பரா என்ற கேள்விக்கு, சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு ரப்பர்தான். பாலியூரிதேன் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் முட்டுகிற ஒவ்வொரு முறையும் சுத்தியலால் தட்டியதுபோல் தெரிவிக்கும்.

மாட்டுவது ஒரு மதிய வேலை. ரப்பருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளப்பதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். சேஸிஸில் ஜாக்கி ஸ்டாண்ட் வைத்து ஆக்சில் தொங்கும்போது அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வண்டி தன் எடையோடு சக்கரங்களில் நிற்க வேண்டும். நான் நான்கு சக்கரங்களையும் மரக்கட்டைகள் மேல் ஏற்றி, முன்சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, டேங்கை நிரப்பி, நண்பரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு அடியில் போனேன். ரப்பர் போய் முட்டும் இடத்தையும் பாருங்கள். என் வண்டியில் அந்த இடத்துத் தகடு துருவில் மெலிந்து, கட்டை விரலால் அமுக்கினால் டப்பா மூடிபோல் உள்ளே போய் வந்தது. பின் இருக்கை, கம்பளம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 3 மி.மீ. தகடு ஒன்றைப் பற்றவைத்த பிறகுதான் ஸ்னப்பரையே மாட்டினேன். பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எதுவும் குறுக்கே வராததையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த இடைவெளி எவ்வளவு என்பது. பந்தயக்காரர்கள் கால் அங்குலம், சிலர் தொட்டும் தொடாமலும் என்கிறார்கள். நானும் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. வைத்தேன். கிளட்சை விட்டேன். தட தட இல்லை. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், வண்டி பாய்ந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும் வரை சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த மூன்று மாதம் அந்தச் சிரிப்புக்கு வட்டி கட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் இருக்கைக்குப் பின்னால் ஒரு குத்து. டிஃபரன்ஷியலின், அதாவது ஹவுசிங்குக்குள் இருக்கும் பல்சக்கரங்களின், ஊளை, அதுவரை வெளியே இருந்தது, ரப்பர் வழியாக நேரே உள்ளே வந்தது. பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஸ்னப்பர் நிரந்தரமாகத் தகட்டில் சாய்ந்துவிடும், அப்புறம் சஸ்பென்ஷன் என்று பெயருக்குத்தான். ஒரு நாள் மேடுபள்ளமான வளைவில் பின்பக்கம் சட்டென்று ஒரு அடி வெளியே ஒதுங்கியது. வளைவின் நடுவில் ரப்பர் முட்டியதும் பின்பக்கம் திடீரென்று விறைத்துவிட்டது. அன்று மாலையே ஸ்பேனரை எடுத்தேன்.

ஒரேயடியாக 1 அங்குலத்துக்குப் போனேன். சுகம், அமைதி. ஆனால் வேகமாகக் கிளம்பினால் இரண்டு குதி குதித்த பிறகுதான் பிடித்தது. சரி, நடுவில் எங்கே? இதற்கு எனக்கு உதவியது பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண். ஒரு உருண்டையை ரப்பர்த் தலைமேல் ஒட்டிவைத்து ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டினேன். பிறகு புது உருண்டை வைத்து ஒரே ஒரு முறை முழு மிதியில் கிளம்பிப் பார்த்தேன். முக்கால் அங்குலத்தில், அதாவது 19 மி.மீ.யில், வாரக் களிமண் மூன்றில் ஒரு பங்குதான் அமுங்கியிருந்தது, முழு மிதிக் களிமண் காகிதம் மாதிரி ஒட்டிக்கிடந்தது. தினசரி ஓட்டத்தில் தொடாமலும் கிளம்பும்போது மட்டும் முட்டும்படியும் இருக்க வேண்டும் என்று நான் தேடிய இடம் அதுதான். உங்கள் வண்டியில் அது 15 ஆகவும் இருக்கலாம், 22 ஆகவும் இருக்கலாம். களிமண்ணைக் கேளுங்கள்.

அது செய்யாததையும் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு கீழே போகும், ஸ்னப்பர் மேலே இருக்கிறது. அதனால் கடுமையாகப் பிரேக் பிடித்தால் வரும் பின்பக்க நடுக்கத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ரிவர்ஸில் ஏற்றம் ஏறும்போதும் அதே கதைதான். தாழ்த்திய வண்டிகளுக்கு யோசித்து மாட்டுங்கள், அங்கே பல சமயம் இருக்கிற ஸ்னப்பரையே வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்.

இந்த நாலு ஆண்டுகளில் நடந்தவை: எட்டாவது மாதம் லாக் நட் தளர்ந்து ஒரு கடகட வந்தது, மரைப் பசை போட்டு முறுக்கியபின் அசையவில்லை. இரண்டாம் வருடம் ரப்பரின் ஓரத்தில் விரிசல், தலையும் கொழகொழவென்று ஊதியிருந்தது. ரப்பரைக் குறை சொல்லப் போனேன், பார்த்தால் பினியன் சீலிலிருந்து எண்ணெய் கசிந்து அதன்மேல் படிந்திருக்கிறது. சீலையும் ரப்பரையும் சேர்த்து மாற்றினேன், அந்த இரண்டாவது ரப்பர் இன்னும் நன்றாக இருக்கிறது. முட்டும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து துரு பிடிக்கிறது. வருடம் ஒரு முறை பிரைமர் தடவுகிறேன்.

போன மாதம் வேகத்தடைக் குத்து மறுபடி கேட்டது. நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது, நான் எதையும் தொடவில்லை. அளந்தால் 13 மி.மீ. ஸ்னப்பர் வளரவில்லை, பின் ஸ்பிரிங்குகள்தான் நாலு வருடத்தில் அவ்வளவு அமர்ந்துவிட்டன. தற்போதைக்குத் தண்டை இறக்கி 19க்குக் கொண்டுவந்திருக்கிறேன். தண்டில் இன்னும் நாலு மரை மிச்சம் இருக்கிறது, அது தீர்வதற்குள் புது ஸ்பிரிங் வாங்க வேண்டும்.