மைனஸ் 20-ல் கேமரா ட்ராப்: எந்த பேட்டரி, எந்த ஃப்ளாஷ், எந்தக் கேமரா?

லடாக்கிலும் ஸ்பிட்டியிலும் பனிச்சிறுத்தை தேடுகிறவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் அறுவடைக் காலம். இணைசேரும் பருவம் அது. பாறையில் சிறுநீர் தெளிப்பதும், மண்ணைப் பிறாண்டி வைப்பதும், ஒரே தடத்தில் மறுபடி மறுபடி வருவதும் அப்போதுதான் அதிகம். ஆனால் கேமரா ட்ராப்புக்கு, அதாவது நகரும் விலங்கின் உடல்வெப்பத்தை உணர்ந்து தானாகப் படமெடுக்கும் கேமராவுக்கு, இதைவிடக் கெட்ட காலம் கிடையாது. லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஸ்பிட்டியின் கிப்பர் கிராமம் 4,200 மீட்டருக்கும் மேலே. இரவில் மைனஸ் 20 அங்கே சாதாரணம். முதுமலைக் காட்டில் இரண்டு மாதம் தொந்தரவில்லாமல் ஓடும் கேமரா, அதே செல்களோடு இங்கே சில இரவுகளிலேயே படுத்துவிடும்.

2019 முதல் 2023 வரை நடந்த இந்தியாவின் முதல் பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பில் 1,971 இடங்களில் கேமரா ட்ராப்கள் வைக்கப்பட்டன. நாடு முழுவதும் 718 என்று மதிப்பிட்டார்கள். அதில் லடாக்கில் மட்டும் 477. இந்த அளவில் இல்லாமல் பத்து, இருபது கேமராக்களோடு ஒரு பள்ளத்தாக்கில் வேலை பார்க்கப்போகிறவர்களுக்கு இந்த அலசல்.

கேமரா விளம்பரங்கள் மெகாபிக்சலில் தொடங்கும். குளிர்நாட்டில் முதலில் முடிவு செய்யவேண்டியது பேட்டரி. அடுத்தது ஃப்ளாஷ். இந்த இரண்டும் முடிவானால் எந்தக் கேமரா என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

ஆல்கலைனா, நிக்கலா, லித்தியமா?

ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த நீர்க்கரைசல். குளிரில் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, செல்லின் அகத்தடை பல மடங்கு ஏறும். சும்மா காத்திருக்கும் கேமராவுக்கு மிகக் குறைந்த மின்னோட்டம் போதும் என்பதால் இது வெளியே தெரியாது. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும் கணத்தில் கேமரா திடீரென்று ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது மின்னழுத்தம் சரிந்து, கேமரா தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் அல்லது மறுபடி தொடங்கும். பகல் படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்து, இரவுப் படங்கள் கறுப்பாகவோ காணாமலோ போயிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். கேமரா பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் செல்லை மாற்றிப் பாருங்கள். ஆல்கலைன் செல்களுக்குத் தயாரிப்பாளர்களே சொல்லும் கீழ் எல்லை சுமார் மைனஸ் 18. அதற்கு வெகு முன்பே ஃப்ளாஷ் தடுமாறத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, தீர்ந்துபோன ஆல்கலைன் செல்கள் கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது எனெலூப் போன்ற ரீசார்ஜ் செல்கள், குளிரில் ஆல்கலைனைவிட ஒரு படி மேல். அகத்தடை குறைவு என்பதால் ஃப்ளாஷ் இழுக்கும்போது தாங்கும். 1.2 வோல்ட்தானே என்ற தயக்கம் சில பழைய கேமராக்களில் நியாயமானது: 8 செல் வரிசையில் மொத்தம் 9.6 வோல்ட்தான் வரும். 12 வோல்ட்டை எதிர்பார்க்கும் கேமரா ‘பேட்டரி குறைவு’ என்று நின்றுவிடும். மெனுவில் செல்லின் வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். மைனஸ் 10 வரை, வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க முடிகிற இடத்தில், இவை சிக்கனமான தேர்வு. சார்ஜ் செய்வது மட்டும் அறைக்குள், செல் உறைநிலையிலிருந்து மீண்ட பிறகு. வெளியிலிருந்து கொண்டுவந்த சூட்டோடு, அல்ல, குளிரோடு சார்ஜரில் போட்டால் செல்லின் ஆயுள் குறையும்.

திரும்ப சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ செல்லுக்கு (எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் பரவலாகக் கிடைப்பது) மைனஸ் 40 வரை வேலை செய்யும் என்ற மதிப்பீடு உண்டு. அதன் மின்பகுபொருளில் தண்ணீரே இல்லை. ஆகவே உறைகிற பேச்சும் இல்லை. விலை ஆல்கலைனைப்போலப் பல மடங்கு. எடையைப் பாருங்கள்: ஆல்கலைன் ஒன்று சுமார் 23 கிராம், லித்தியம் 15. பன்னிரண்டு செல் போடும் கேமரா இருபது என்றால் ஏறத்தாழ 2 கிலோ மிச்சம். 4,500 மீட்டரில் மூச்சுவாங்க ஏறும்போது அந்த 2 கிலோவின் அருமை தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலையேறி ஆல்கலைன் மாற்றும் கூலியையும் கணக்கில் சேர்த்தால் லித்தியம்தான் மலிவு.

ஒரு குறை உண்டு. லித்தியத்தின் மின்னழுத்தம் கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்று, பிறகு சட்டென்று விழும். கேமராவின் பேட்டரி அளவுகோல் முழுதாகக் காட்டிக்கொண்டே இருந்துவிட்டு மறுநாள் செத்துப்போகும். ஆகவே அளவுகோலை நம்பாமல் தேதியை எழுதிவைத்து மாற்றுங்கள். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: மற்ற செல்களில் விடியற்காலையில் 30 சதவீதம் காட்டுவது, வெயில் ஏறியதும் 60 ஆகும். தீர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டுத் தூக்கி எறியவேண்டாம். பழையதையும் புதியதையும், ஒரு வகையையும் இன்னொரு வகையையும் ஒரே கேமராவில் கலக்கவே கூடாது.

யுஎஸ்பி வழியாக சார்ஜ் ஆகும் ‘1.5 வோல்ட்’ லித்தியம்-அயன் ஏஏ செல்கள் இப்போது இணையத்தில் நிறைய விற்கின்றன. பெயரில் லித்தியம் இருப்பதால் குழம்பவேண்டாம். இது வேறு சரக்கு. உள்ளே ஒரு சிறிய மின்சுற்று மின்னழுத்தத்தை 1.5-க்கு இறக்கிக் கொடுக்கிறது. ஃப்ளாஷ் இழுக்கும் உச்ச மின்னோட்டத்தில் அந்தச் சுற்று பாதுகாப்புக்காகத் துண்டித்துக்கொள்ளலாம். மலைக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

வெளி பேட்டரியும் சூரியத் தகடும்

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் எடை. மைனஸ் 20-ல் அதன் கொள்ளளவில் பாதிக்குச் சற்று மேல்தான் கையில் வரும். முழு சார்ஜில் இருக்கும்வரை உறையாது. தீர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் அமிலம் நீர்த்துப்போய், மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து தட்டுகளை உடைக்கும். சாலையோரத்தில் வைக்கும் கேமராவுக்கு மட்டும் இது சரி.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடையில் பாதிக்கும் கீழே. மைனஸ் 20 வரை மின்சாரம் கொடுக்கும். சார்ஜை வாங்கிக்கொள்வதில்தான் தகராறு: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். நல்ல பாதுகாப்புச் சுற்று இருந்தால் அது சார்ஜை நிறுத்திவிடும். அப்போது தகட்டின்மேல் வெயில் காய்ந்தும் பயனில்லை. மலிவான சூரியத் தகடுகளுக்குள் பொதிந்திருக்கும் லித்தியம்-அயன் பேட்டரிக்கும் இதே கதிதான். பேட்டரியைப் பாறைக்கடியில் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, தகட்டை மட்டும் தெற்கு நோக்கி நிறுத்தினால் ஓரளவு தப்பலாம். லே 34 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. குளிர்கால வெயிலுக்குத் தகட்டைக் கிடைமட்டத்திலிருந்து சுமார் 50 டிகிரி நிமிர்த்திவைக்கவேண்டும். பனியும் அதில் தங்காமல் வழுக்கிவிடும். செருகியின் உள்முனை நேர்மின்னா எதிர்மின்னா என்பதை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இணையுங்கள்.

850-ஆ, 940-ஆ, வெள்ளை ஃப்ளாஷா?

850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு விளக்குகள் மங்கிய சிவப்பாகத் தெரியும். வெளிச்சம் தூரம் போகும். 940-ல் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் கேமராவின் சென்சார் அந்த அலைநீளத்தில் மந்தம். அதை ஈடுகட்ட ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். நடக்கிற விலங்கு கலங்கிப்போகும். பனிச்சிறுத்தையை அதன் ரோசாப்பூப் புள்ளிகளை வைத்துத்தான் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். புள்ளி கலங்கினால் படம் இருந்தும் இல்லாததுபோல. ஆகவே எண்ணிக்கைக்காக வைக்கும் கேமராவுக்கு 850. ஆள் நடமாட்டமும் திருட்டுப் பயமும் உள்ள பாதையில் 940.

வெள்ளை ஃப்ளாஷ் புள்ளிகளை வண்ணத்தில், கூர்மையாகக் காட்டும். புலிக் கணக்கெடுப்பில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. செனான் குழல் வகையில் ஒவ்வொரு படத்துக்கும் மின்தேக்கி நிரம்பவேண்டும். குளிர்ந்த செல்லில் அதற்கு நேரம் பிடிக்கும். முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் விலங்கு போய்விடும்.

எதை வாங்கினாலும் தரையில் பனி இருந்தால் ஃப்ளாஷின் வலுவைக் குறைத்து வையுங்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு மீட்டரில் இருக்கும் பனிமேடு வெளிச்சத்தை அள்ளித் திருப்பி அடித்தால், பின்னால் நிற்கும் விலங்கு இருட்டில் கரைந்துவிடும்.

வீடியோ வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவில் 30 விநாடி வீடியோ, ஒரு ஆம்பியர் என்று வைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 8 மில்லிஆம்பியர்-மணி. வரிசையில் இணைத்த 8 லித்தியம் செல்லின் மொத்தக் கொள்ளளவு 3,000 என்றால் 360 வீடியோவோடு சரி. இரவுக்கு இருபது என்றால் பதினெட்டு நாள். குளிரில் அதுவும் குறையும். படம் என்றால் விளக்கு எரிவது விநாடியில் ஒரு பங்குதான். மூன்று படத் தொடர் போதும். நடத்தையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றால் இரவு வீடியோவை 10 விநாடிக்குக் குறையுங்கள்.

கேமராக்கள்

பனிச்சிறுத்தை ஆய்வுகளில் ரெகோனிக்ஸ் அடிக்கடி கண்ணில் படுவது தற்செயல் இல்லை. அதன் ஹைப்பர்ஃபயர் 2 வகை 12 செல் போடுவது. மைனஸ் 29 வரை என்று மதிப்பீடு. விலங்கு நுழைந்து 0.2 விநாடியில் படம். செல் எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொரு செல்லின்மேல் விழும் சுமையும் குறைகிறது. விலைதான் கையைக் கடிக்கும். பிரௌனிங், புஷ்னெல் போன்றவற்றின் நடுத்தர விலைக் கேமராக்களை லித்தியம் செல்லோடு வைத்தால் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். வீடியோவில் அவை பல சமயம் மேல். ஒரே தொகைக்கு, ரெகோனிக்ஸ் சிலவா, மற்றவை அதிகமா? அணுக முடியாத மேட்டுக்கு முன்னது. கிராமத்தை ஒட்டிய ஆட்டுக்கிடைகளுக்குப் பின்னது. பெயர் தெரியாத மலிவுக் கேமராக்களில் படத்தைவிட முதலில் தோற்பது கதவின் ரப்பர் விளிம்பு: குளிரில் விறைத்து, ஈரத்தை உள்ளே விடும். சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவினால் கொஞ்சம் தாங்கும்.

சிம் கார்டு கேமராவைப் பொறுத்தவரை, பள்ளத்தாக்குகளின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. சிக்னல் பலவீனமாக இருக்கும் இடம் இன்னும் மோசம். கோபுரத்தைத் தேடித் தேடியே மோடம் பேட்டரியைக் குடிக்கும். வைப்பதானால் படங்களை நாளுக்கு ஒருமுறை, நண்பகலில் அனுப்பும்படி அமையுங்கள். செல்கள் சூடாக இருக்கும் நேரம் அது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். எந்தக் கேமராவானாலும் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வைக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும்.

வைக்கும் இடமும் உறைபனியும்

இங்கே மரம் இல்லை. இரும்புக் கம்பியோ கல்லடுக்கோதான் தூண். பனிச்சிறுத்தைக்கு 40 முதல் 50 செ.மீ உயரம் பொருத்தம். பனி குவியும் இடமானால் ஒரு மீட்டர்வரை ஏற்றி, லேசாகக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம். அதைவிட நல்லது, காற்று துடைத்துவிடும் மலைமுகட்டையோ, பனி சேராத தொங்குபாறையின் அடியையோ தேர்ந்தெடுப்பது. சிறுத்தை அடையாளமிடுவதும் அங்கேதான். கேமரா வடக்கு பார்க்கட்டும். தெற்கு பார்த்தால் தாழ்ந்த குளிர்கால வெயில் நேராக லென்ஸுக்குள் இறங்கும். தடத்திலிருந்து 3 முதல் 5 மீட்டர், சுமார் 45 டிகிரி கோணம். குறுக்கே நகரும் வெப்பத்தைத்தான் சென்சார் நன்றாகப் பிடிக்கும். நேராக எதிரே வருவதை அல்ல.

குளிரில் விலங்குக்கும் பின்புலத்துக்கும் வெப்ப வேறுபாடு அதிகம், ஆகவே சென்சார் சுலபமாக வேலை செய்யும் என்பார்கள். பாதி உண்மை. பனிச்சிறுத்தையின் வயிற்றுமுடி 12 செ.மீ வரை நீளும். மேல்முடியின் வெப்பம் காற்றோடு ஒட்டியே இருக்கும். சென்சாருக்குத் தெரிவது பெரும்பாலும் முகமும் கால்களும்தான். மறுபக்கம், பகல் வெயிலில் சுடும் பாறைமுன் ஒரு புல் ஆடினாலும் நூற்றுக்கணக்கில் வெற்றுப் படம் விழும். உணர்திறனை நடுத்தரத்தில் வைத்து, வெயிலே படாத ஓடைப்பள்ளத்தில் மட்டும் உயர்த்துங்கள்.

பலருக்கும் தெரியாத எதிரி ஒன்று உண்டு. சென்சாருக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் வில்லையில் மெல்லிய பனிப்படலம் படிந்தால் போதும், உடல்வெப்பத்தின் அகச்சிவப்பு அதைத் தாண்டி வராது. லென்ஸ் தெளிவாக இருக்கும், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், படம் மட்டும் வராது. பாதுகாப்புக்கென்று கண்ணாடி மூடி போடுகிறவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். கண்ணாடியும் அந்தக் கதிரைத் தடுக்கும். பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் அப்படியே உறையும். மென்மையான தூரிகை போதும். கதவைத் திறந்து செல் மாற்றும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள். எல்சிடி திரை மைனஸ் 15-க்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்துதான் மாறும். அதனால் தேதி, படத் தொடர், உணர்திறன் எல்லாவற்றையும் அறையிலேயே அமைத்து, மெமரி கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து எடுத்துப்போங்கள்.

இறக்கிக் கொண்டுவரும்போது, சூடான அறைக்குள் நுழைவதற்கு முன்பே ஜிப் பையில் போட்டு இறுக மூடி, சில மணி நேரம் திறக்காமல் விடவேண்டும். இல்லையேல் உள்சுற்றின்மேல் நீர் முத்து முத்தாய்க் கோக்கும். கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றி உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் காத்திருக்காமல் படம் பார்க்கலாம்.

ஒவ்வொரு கேமராவிலும் நண்பகலுக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி டைம்-லாப்ஸ் வைத்துவிடுங்கள். நண்பகல் படம் எந்தத் தேதியில் நின்றதோ அன்று செல் தீர்ந்தது. படம் வெள்ளையாக இருந்தால் பனி மூடியது. தெளிவாக இருந்தும் விலங்கு எதுவும் இல்லையென்றால் சென்சார் குருடாயிருக்கலாம், அல்லது உண்மையிலேயே எதுவும் வராமல் இருந்திருக்கலாம். பக்கத்துக் கேமராவின் அதே நாள் படங்களோடு ஒப்பிட்டால் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கேமரா ஓடாத நாள்களைக் கணக்கிலிருந்து கழிக்காமல் விட்டால், ‘இங்கே சிறுத்தை குறைவு’ என்ற பொய் முடிவு அறிக்கையில் ஏறிவிடும்.