இரண்டடி மீன் தொட்டிக்கு எல்இடி: பேட்டனா, ஸ்ட்ரிப்பா, ஃப்ளட் லைட்டா?

சென்னை கொளத்தூரில் மீனும் செடியும் வாங்கியாயிற்று, விளக்கை மட்டும் நாமே செய்துகொள்ளலாம் என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் போனால் நாலு வழி கண்ணில் படும். நாலுமே வெளிச்சம் தரும். தண்ணீருக்கு மேலே எதை நம்பித் தொங்கவிடலாம் என்பதில்தான் வித்தியாசம்.

பேச்சுக்கு ஒரு தொட்டி: நீளம் 2 அடி, அகலமும் உயரமும் ஓரடி. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். மணலும் கல்லும் போக 50 என்று வையுங்கள். அனூபியஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி சாதுவான செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் (வெளிச்சத்தின் அளவு) போதும் என்பது வளர்ப்பவர்களின் கைக்கணக்கு. அதாவது 500 முதல் 1,000 லூமன். தரையில் புல்லாகப் படரும் செடி வேண்டுமானால் லிட்டருக்கு 40ஐத் தாண்ட வேண்டும், அது வேறு செலவு.

இந்தக் கணக்குக்குச் சுலபமான விடை 2 அடி பேட்டன், அதாவது டியூப் லைட் மாதிரி நீளமான எல்இடி விளக்கு. 10 வாட்டில் ஏறக்குறைய 1,000 லூமன் வரும், 6500 கெல்வின் வெள்ளை எங்கும் கிடைக்கும். சால்டரிங் வேலையே இல்லை. ஆனால் 230 வோல்ட்டை நேராகத் தொட்டிக்கு மேல் கொண்டுவந்து விடுகிறது. ஹால் சுவருக்காகச் செய்த சரக்கு அது. முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி நீராவியைத் தடுக்காது. தொட்டிக்குக் கண்ணாடி மூடி உண்டென்றால் பேட்டனுக்குத்தான் என் ஓட்டு. இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

திறந்த தொட்டிக்கு 12 வோல்ட் ஸ்ட்ரிப், வரிசையாக எல்இடி பதித்த நாடா. 230 வோல்ட்டை 12 ஆக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தள்ளி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கும், தண்ணீர் மேல் வருவது 12 வோல்ட் டிசி மட்டும். 5050 என்ற அளவு எல்இடி மீட்டருக்கு 60 உள்ள ஸ்ட்ரிப், மீட்டருக்குச் சுமார் 14.4 வாட் இழுக்கும். இரண்டடியில் மூன்று வரிசை போட்டால் 26 வாட். 3 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் தாராளம். மூன்று எல்இடிக்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும், அதில்தான் கத்தரி வைக்க வேண்டும். அந்த மூன்றும் சேர்ந்து 9 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம், கிட்டத்தட்டக் கால் பங்கு, பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரில் சூடாகப் போய்விடும். வாட்டுக்கு இத்தனை வெளிச்சம் என்று பார்த்தால் பேட்டனிடம் ஸ்ட்ரிப் தோற்பது இதனால்தான்.

பின்னால் இருக்கும் பசையை மட்டும் நம்பாதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் ஒரு முனை கழன்று தண்ணீரை எட்டிப் பார்க்கும். ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் மூடியோடு வரும் அலுமினியம் சேனலில் பதித்தால் பிடிமானமும் கிடைக்கும், சூடும் இறங்கும். சிலிகான் பூசிய ஸ்ட்ரிப் நாளடைவில் மஞ்சளடிக்கும். அதனால் பூச்சில்லாததைச் சேனலுக்குள் வைத்து இரு முனையையும் அடைப்பது நல்லது. அடைக்க, தொட்டி ஒட்டுகிற அதே சிலிகான் கையில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் அந்த வகை செம்பை அரித்துவிடும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

ஃப்ளட் லைட்டை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டால் மணல்மேல் அலையலையாக ஒளி ஆடும், பேட்டனில் அந்த அழகு வராது. ஆனால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி, சோபாவில் இருப்பவர் கண்ணையும் பறிக்கும். தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் உள்ளே போகாது என்று சொல்லும் ஐபி65 முத்திரை போட்டிருப்பதால் மட்டும் நிம்மதியாகிவிட முடியாது. விலை குறைந்தவற்றில் பல, டிரைவரையும் (எல்இடிக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் சுற்று) எல்இடியையும் ஒரே தகட்டில் வைத்தவை. மெயின் கரண்டுக்கும் அந்தத் தகட்டின் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய காப்புப் படலம் மட்டும்தான் இருக்கும். எர்த் வயரைக் கத்தரித்துவிட்டு டூ பின் மாட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே அது உயிருக்கே உலை.

நட்சத்திர வடிவத் தகட்டில் வரும் 3 வாட் ஸ்டார் எல்இடியை, சூட்டை இறக்கும் ஹீட் சிங்க்கில் பொருத்தி, ஒரே அளவு கரண்ட் தரும் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவரில் ஓட்டுவது நாலாவது வழி. பவளம் வளர்ப்பவர்களுக்கும் உயரமான தொட்டிக்காரர்களுக்கும் அதுதான் சரி. லென்ஸ் போட்டு ஒளியை அடிவரை இறக்கலாம். நம் ஓரடி உயரத்துக்கு ஹீட் சிங்க் காசு தண்டம். டிரைவர் இல்லாமல் வெறும் அடாப்டரில் கொடுத்தாலோ, சூடாகச் சூடாக அதிகக் கரண்ட் இழுத்துக் கருகும்.

கடையில் 'குரோ லைட்' என்று ஊதா நிறத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செடி வளரும், நியான் டெட்ரா மீன்தான் பார்க்கச் சகிக்காது.

நாலில் எதைப் போட்டாலும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள லைனில் கொடுங்கள். அப்புறம், வயர் பிளக் மட்டத்துக்குக் கீழே ஒருமுறை தொங்கிவிட்டு ஏறட்டும். வழிகிற சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.