மடக்கினால்தான் தெரியும்: காரைக்குடியில் வண்ணம் மாற்றிய மூன்று ரோபோக்கள்

வண்ணம் மாற்றிய ரோபோ பொம்மையை விற்கிறவர்கள் எல்லோரும் அதை நிமிர்த்தி நிற்கவைத்துத்தான் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். இது ஷோகேஸ் சிலை இல்லை. காராகவோ விமானமாகவோ மடங்கி, மறுபடி ஆளாக எழ வேண்டிய பொருள். பலமுறை மடக்கி விரித்த பிறகும் நிறம் நிற்கிறதா, மூட்டு பிடிக்காமல் அசைகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. காரைக்குடியில் இந்த வேலையைக் கூலிக்குச் செய்து தரும் ஒரு சிறு பட்டறையிலிருந்து வந்த மூன்று உருப்படிகளை அந்தக் கண்ணோடு பார்த்தோம். விமானம் அருமை. லாரி பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது. கார் தேறவில்லை.

நிறம் மாற்றுவது ரசிகர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையைக் கடைக்குக் கொண்டுவந்தபோதே, ஜப்பானின் டகாரா செய்த ஒரே எஃப்-15 போர்விமான அச்சிலிருந்து ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் என்று மூன்று ரோபோக்கள் வந்துவிட்டன. ஒரே டாட்சன் கார் அச்சில் பிரவுல், புளூஸ்ட்ரீக்; அடுத்த ஆண்டு அதையே சற்று மாற்றி ஸ்மோக்ஸ்கிரீன். எஃகு அச்சு வெட்டத்தான் பெருஞ்செலவு. வெட்டியாகிவிட்டால் நிறத்தை மாற்றி மாற்றி வார்த்துக்கொள்ளலாம். இங்கே கவனிக்க வேண்டியது, தொழிற்சாலை பிளாஸ்டிக்கையே வேறு நிறத்தில் வார்க்கிறது. மேலே பெயின்ட் படுவது முகம், சில கோடுகள், முத்திரை, அவ்வளவுதான். உரசினாலும் உள்ளே அதே நிறம். பட்டறைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவர் முழு உடம்பையும் மூட வேண்டும், மூடியது உரசாமலும் இருக்க வேண்டும். மூன்று உருப்படிகளின் கதையும் இதில்தான் இருக்கிறது.

விமானத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சுமார் 18 செ.மீ. உயரம், சாம்பல் நிற ஸ்டார்ஸ்கிரீமாகப் போய் நீலத் தண்டர்கிராக்கராக வந்திருக்கிறது. இதில் பட்டறைக்காரர் குறுக்குவழி எதையும் தேடவில்லை. ஸ்குரூக்களைக் கழற்றியதோடு நிற்காமல், மூட்டுகளைக் கோத்திருக்கும் இரும்புப் பின்களையும் தட்டி எடுத்திருக்கிறார். இந்தப் பின்களின் ஒரு முனையில் நீளவாக்கில் வரி வெட்டியிருக்கும். அந்த முனைதான் பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிப்பது. வழுவழுப்பான முனையில் தட்டினால் வரியுள்ள முனை வந்த வழியே வெளியேறும். எதிர்ப்பக்கம் தட்டினால் அந்த வரிகள் துளை முழுவதையும் அறுத்துக்கொண்டு போகும். பிறகு மூட்டு தளர்ந்ததுதான், சில சமயம் பிளாஸ்டிக்கே பிளந்துவிடும். இந்த விமானத்தில் எந்தத் துளையும் அகலவில்லை. எல்லாப் பின்னும் மேற்பரப்போடு சமமாக உட்கார்ந்திருக்கிறது.

பூச்சின் கனத்தை இறக்கை மடியும் இடத்தில் பாருங்கள். பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம் இரண்டு கை, பளபளப்பு கிளியர் என்ற நிறமற்ற பூச்சு, கடைசியில் பளபளப்பில்லாத மேட் கிளியர் என்று சேர்ந்தால், கவனமில்லாத கையில் ஒரு வெள்ளைத் தாளின் கனம், அதாவது 0.1 மி.மீ. வந்துவிடும். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் ஒன்றையொன்று உரசும் இரண்டு முகங்களிலும் அது ஏறினால் 0.2 மி.மீ.; இந்தப் பொம்மைகளின் பலகைகளுக்கு நடுவே அவ்வளவு இடம் விடுவதே இல்லை. இங்கே உரசும் முகங்களை முன்கூட்டியே 800 நம்பர் உப்புத்தாளால் இழைத்து இடம் பண்ணியிருக்கிறார். கீலின் உள்முகங்களில் பெயின்டே அடிக்கவில்லை, மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்திருக்கிறார். மற்ற இடங்களில் பூச்சு, நம் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரின் முட்டைவெள்ளைப் பூச்சைப்போல, மெல்லிய அடுக்கின்மேல் மெல்லிய அடுக்காக ஏறியிருக்கிறது. உடம்பில் பள்ளமாக வெட்டியிருக்கும் வரிக்கோடுகள் எதுவும் அடைபடவில்லை. விமானி உட்காரும் கண்ணாடி மூடிக்கு டேப் ஒட்டி, தெளிவு கெடாமல் விட்டிருக்கிறார். குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால், முழங்கால் மடிப்பின் பின்புறம் இரண்டு ஓரங்களில் பழைய சாம்பல் எட்டிப்பார்க்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது தெரியாது.

கார் இதற்கு நேர்மாறு. சுமார் 14 செ.மீ. உள்ள கறுப்பு வெள்ளை போலீஸ் கார் பிரவுலை, நீலமும் சிவப்புமாக 38ஆம் எண் போட்ட பந்தயக் கார் ஸ்மோக்ஸ்கிரீனாக மாற்றச் சொன்ன வேலை. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கதவைத் திறந்ததும் ‘டிக்’ என்றது. கீல் பின்னைக் கழற்றாமல், கதவை மூடிய நிலையிலேயே ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். பெயின்ட் பின்னுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இறங்கி இரண்டையும் ஒட்டிவிட்டது. உற்றுப் பார்த்தால் பின்னின் துளையிலிருந்து கதவின் ஓரம் வரை மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது, அதன் இருபுறமும் பிளாஸ்டிக் லேசாக வெளுத்திருக்கிறது. இது கைபட்டு உடைந்தது மட்டும் அல்ல. இரும்புப் பின் இறுக்கமாக ஏறிய துளையைச் சுற்றி ஏபிஎஸ் பிளாஸ்டிக் எப்போதும் இழுவிசையில்தான் இருக்கும். அங்கே தின்னர் தேங்கினால் பிளாஸ்டிக் தானாகவே வாய்விடத் தொடங்கும். வரிக்கோடுகளைக் கறுப்பாக்க எனாமல் பெயின்டைத் தின்னரில் தண்ணீர்போலக் கரைத்து ஓடவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதிலும் இதே ஆபத்துதான். கிளியர் கோட் போட்டு மூடிய பரப்பில் மட்டும், கொஞ்சமாகத் தொட்டு ஓட்ட வேண்டும். பின்னுக்கோ ஸ்குரூவுக்கோ பக்கத்தில் போகவே கூடாது.

இப்படி ஒட்டிக்கொண்ட மூட்டோடு பொம்மை வந்து சேர்ந்தால் பலம் காட்டாதீர்கள். ஹேர் டிரையரின் மிதமான சூட்டை அரை நிமிடம் காட்டி, ஓரிரு பாகை மட்டும் முன்னும் பின்னும் அசைத்து, பெயின்ட் பிடி விட்டதும் ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய். விரிசல் விழுந்த பிறகென்றால் ஏபிஎஸ் உருக்கும் திரவப் பசையை மெல்லிய தூரிகையில் தொட்டு விரிசலின் வாயில் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னில் படாமல் வைக்க வேண்டும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைக் கண்ணாடிப் பாகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், ஆவி படிந்து மங்கிவிடும்.

அதே காரில் 38 எண் ஸ்டிக்கரும் சொதப்பல். தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தும் டெகால் அது. சொரசொரப்பான மேட் பரப்பின்மேல் நேரே ஒட்டியதால் அடியில் காற்று சிக்கி, எண்ணைச் சுற்றி வெள்ளி மினுக்கம் தெரிகிறது. முதலில் பளபளப்பு கிளியர், அதன்மேல் டெகால், காய்ந்த பின் மேட். வரிசை மாறினால் இந்த மினுக்கத்தைப் போக்குவது கடினம், பெரும்பாலும் உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான்.

லாரி, சிவப்பு நீல ஆப்டிமஸ் பிரைமைக் கறுப்பு நெமிசிஸ் பிரைமாக மாற்றியது. மேட் கறுப்பு கண்ணைப் பறிக்கிறது, நீலப்பச்சைக் கோடுகள் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கின்றன. ஆனால் சிவப்பின்மேல் கறுப்பு என்றாலே வம்பு. மார்புக் கண்ணாடிகளின் ஓரம், தோள் மடியும் விளிம்பு என்று உரசும் இடத்திலெல்லாம் சிவப்பு மெல்லிய கோடாக வெளியே வருகிறது. இதற்குப் பட்டறையை மட்டும் குறை சொல்ல முடியாது. எந்தப் பொம்மையை அடிப்படையாகக் கொடுத்தோம் என்பதும் கணக்கு. வேண்டிய நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்காகப் பார்த்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை ஒழிந்தது. கறுப்பு வேண்டுமா, அடர்சாம்பலையோ கருநீலத்தையோ கொடுங்கள்.

பட்டறையின் பிழை வேறிடத்தில் இருக்கிறது. டயருக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். டயர் மிருதுவான பிவிசி. அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் மெல்ல மேலே கசிந்து பெயின்டைக் காயவிடாது. தொட்டால் இன்னமும் பிசுபிசுப்பு, அலமாரிப் பஞ்செல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கிறது. இடுப்பில் இருக்கும் வழவழப்பான பிஓஎம் பிளாஸ்டிக் துண்டுகளுக்கும் பூசியிருக்கிறார்கள். அதில் எந்தப் பெயின்டும் நிற்காது. நகம் பட்டதும் ஏடாக உரிகிறது. இரண்டையும் தொடாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

லாரியின் முன்கிரில்லும் புகைக்குழாயும் குரோம். 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கிற ஊர், குரோம் பூசவா ஆளில்லை என்று நினைக்கத் தோன்றும். இது அந்த வகைக் குரோம் இல்லை. உலோகத்துக்குச் செய்கிற மின்பூச்சை இங்கே யாரும் செய்யவில்லை. வெற்றிட அறையில் அலுமினிய ஆவியைப் படியவைத்து, மேலே ஒரு வார்னிஷ் கொடுத்தது. சலவைக்கு வைத்திருக்கும் பிளீச்சில் ஊறப்போட்டாலே கழன்றுவிடும். கழற்றிவிட்டு அதே மினுமினுப்பை ஸ்பிரேயில் திருப்பிக் கொண்டுவர முடியாது. வெள்ளிப் பெயின்ட் விரல் பட்டுப் பட்டு மங்கும். நல்ல குரோம் இருந்தால் டேப் ஒட்டி மறைத்து அப்படியே விடச் சொல்லுங்கள். இங்கே அப்படித்தான் விட்டிருக்கிறார்கள், பாராட்ட வேண்டும்.

எந்த மாதத்தில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். சித்திரை, வைகாசி மதிய வெயிலில் அடித்தால் பெயின்ட் துளி பொம்மையைத் தொடுமுன் காற்றிலேயே காய்ந்து, பரப்பு மணல் தொட்டாற்போல் ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றில் லாக்கர் (சீக்கிரம் காயும் வார்னிஷ் வகை) கிளியர் வெண்மூட்டம் போட்டுக்கொள்ளும். தை முதல் பங்குனி வரை காலை நேர வேலை நன்றாக வரும். அவசரம் என்று மழைக்காலத்தில் கொடுத்துவிட்டு, நிறம் வெளுத்துப்போச்சு என்று சண்டை போட்டுப் பயனில்லை.

கொடுக்கக் கூடாத பொம்மையும் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அப்போது வந்த பெட்டியோடு பரணில் 1980களின் அசல் உருப்படி கிடந்தால் அதன்மேல் பிரஷ் படவே வேண்டாம். தேய்ந்த ஸ்டிக்கரோடு இருந்தாலும் சேகரிப்பாளர் கேட்பது அதைத்தான். பழைய பொம்மைகளில் மினுமினுக்கும் பொன்னிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் இருந்தால் இன்னும் எச்சரிக்கை: வயதாக வயதாக அது அப்பளமாக நொறுங்கும், பின்னைத் தட்டினாலே போயிற்று.

குழந்தைக்கு விளையாடக் கொடுக்க இது ஆகாது. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டியில் அந்த முத்திரை இருந்தாலும், அது தொழிற்சாலையில் போட்ட நிறத்துக்கான சோதனை. மேலே நாம் ஏற்றிய லாக்கருக்கு அது பொறுப்பேற்காது. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அலமாரிக்குப் பூட்டு வேண்டும்.

கூலி, பொம்மை நம்முடையது என்றால், காருக்கு 1,800 ரூபாய், விமானம் லாரி அளவுக்கு 2,600. விமானத்தில் பார்த்த வேலைக்கு இது குறைவு, காரில் பார்த்த வேலைக்கு அதிகம். கொடுக்கும்போதே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: பின்களைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும், கீலின் உள்முகத்தை விட்டுவிட வேண்டும், அனுப்புமுன் ஒருமுறை முழுவதும் மடக்கி விரிக்கும் வீடியோ வேண்டும். வீடியோ தர மறுத்தால் வாங்காதீர்கள்.

பார்சல் பண்ணும்போது பபிள் ஷீட்டைப் பெயின்டின்மேல் நேரே சுற்றக் கூடாது. கூரியர் வண்டிச் சூட்டில் குமிழ் குமிழாகத் தடம் பதிந்துவிடும். லாரியின் கூரையில் இரண்டு வட்டம் அப்படி வந்ததுதான். முதலில் பழைய பருத்தி வேட்டித் துணி, அதற்கு மேல் பபிள் ஷீட். பூசி முடித்து ஒரு வாரமாவது ஆறவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். கலந்த நிறத்தில் 10 மி.லி. ஒரு சின்னக் குப்பியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், விளிம்பில் உரசினால் தொட்டு வைக்க உதவும். கலந்த நிறம் மறுமுறை அச்சுப் பிசகாமல் அமையாது, அதனால் முதல் தடவையே கேட்டுவிடுவது நல்லது.