வெள்ளணு ஸ்கேன்: மறுநாள் வரை காத்திருக்கத் தகுந்த பரிசோதனை

செயற்கை மூட்டு பொருத்திய முழங்காலில் வலி நீடித்தால், மூட்டு தளர்ந்ததுதான் காரணமா, உள்ளே பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை. என் தாயாருக்கு இந்தச் சந்தேகம் எழுந்தபோது, அணு மருத்துவப் பிரிவில் வெள்ளணு ஸ்கேன் எடுத்தோம்.

கையிலிருந்து ஏறத்தாழ 50 மில்லி இரத்தம் எடுத்து, வெள்ளணுக்களைத் தனியே பிரித்து, அவற்றில் டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருளை ஏற்றி, மீண்டும் ஊசி வழியே உடலுக்குள் செலுத்துகிறார்கள். ஆய்வக வேலைக்கே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கிறது. ஒருவருடைய இரத்தம் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்பதால், ஊசி போடுமுன் பெயரையும் பதிவு எண்ணையும் அம்மாவிடமே கேட்டுச் சரிபார்த்தது மிகுந்த நம்பிக்கையைத் தந்தது.

முதல் நாள் எடுத்த படங்களோடு மறுநாள் படத்தையும் ஒப்பிடுவதில்தான் இந்தப் பரிசோதனையின் வலிமை இருக்கிறது. தொற்று உள்ள இடத்தில் வெள்ளணுக்கள் நேரம் செல்லச் செல்ல மேலும் குவியும். தொற்றில்லாத அழற்சியில் பொதுவாக அப்படிக் கூடுவதில்லை. டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம்தான் என்பதால், மறுநாள் அதன் வீரியம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அதனால் கேமராவின் கீழ் அசையாமல் நெடுநேரம் படுத்திருக்க வேண்டும். முதியவர்களுக்கு இது உண்மையிலேயே சிரமம். இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

எலும்பு மஜ்ஜையும் வெள்ளணுக்களை ஈர்த்துத் தொற்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், ஐயம் இருந்தால் மஜ்ஜையில் சேரும் சல்ஃபர் கொலாய்டு என்னும் கதிரியக்க மருந்தைக் கொண்டு மஜ்ஜை ஸ்கேனும் எடுத்து ஒப்பிடுகிறார்கள்.

கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை போன்ற மருந்தைச் செலுத்தி எடுக்கும் எஃப்டிஜி பெட்-சிடி ஸ்கேன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். முதுகெலும்புத் தொற்றுக்கும், காரணம் தெரியாத காய்ச்சலுக்கும் அதுவே மேல். ஆனால் அந்தச் சர்க்கரை மருந்து எல்லா அழற்சியிலும் சேருவதால், செயற்கை மூட்டைச் சுற்றித் தொற்றே இல்லாமலும் ஒளிரக்கூடும். எனவே, மூட்டைப் பொறுத்தவரை என் தேர்வு வெள்ளணு ஸ்கேன்தான்.

இரண்டுமே பாக்டீரியாவை நேரடியாகக் காட்டுவதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடும்பத்துக் கிருமிகள் விரும்பி உட்கொள்ளும் சார்பிட்டால் என்னும் இனிப்புப் பொருளில் கதிரியக்க ஃப்ளூரின்-18 ஏற்றிய மருந்தை உருவாக்கியிருப்பது பெரும் நம்பிக்கை அளிக்கிறது. இப்போதைக்கு எந்தக் கிருமி என்றறிய மூட்டு நீரை எடுத்து, அதிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்தே ஆக வேண்டும்.

வெள்ளணுக்களைப் பிரிக்கும் வசதி எல்லா ஸ்கேன் மையங்களிலும் இல்லை; எந்தெந்த நாட்களில் செய்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு நோயாளியை அழைத்துச் செல்லுங்கள்.